அறுபத்திரண்டு படங்கள் கொழும்புக்குப் போன வழி

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது முதலில் என் கண்ணில் பட்டது கையெழுத்துகள் அல்ல, ஒரு பெருவிரல். அறுபத்திரண்டு படங்களில் பதினேழில் அது இருந்தது. தாள் மின்விசிறிக் காற்றுக்கு எழும்பாமல் இடது கைப் பெருவிரலால் ஓரத்தை அழுத்திக்கொண்டு, வலது கையில் தொலைபேசியைப் பிடித்து எடுத்திருக்கிறார். நகத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. மீன் வெட்டும்போது பட்ட பழைய காயம் என்று பிறகு சொன்னார். அந்த விரலைப் பார்த்தவுடன் ஆள் யாரென்று சொல்லக்கூடியவர்கள் அவர் வேலை செய்யும் கந்தோரில் மூன்று பேர் இருந்தார்கள்.

அவரை வங்காலைப் பெண் என்று எழுதுகிறேன். ஊரையும் வேலையையும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றியிருக்கிறேன். நாற்பது வயது, கணவருக்குக் கடற்றொழில், இரண்டு பிள்ளைகள். மன்னார்த் தீவின் மண்ணுக்கடியில் என்ன கனிமம் இருக்கிறதென்று துளை போட்டுப் பார்க்கும் கம்பனி ஒன்று நகரத்தில் ஒரு வாடகை வீட்டைக் கந்தோராக்கியிருந்தது. அங்கே அவர் எழுதுவினைஞர், கிளாக். தங்கள் காணியில் துளை போடச் சம்மதம் என்று சொந்தக்காரர்கள் கையெழுத்து வைத்த கடிதங்களைக் கோவைகளில் அடுக்குவது அவருடைய வேலை. கோவைகள் இருக்கும் அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பும் அவரிடம்தான்.

இருபத்திரண்டு வருடம் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மன்னார்ச் செய்திகள் எழுதிவரும் என்னைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்தார். தொலைபேசியில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

"அண்ணை, இந்தக் கையெழுத்து வைச்ச மனிசன்ர செத்தவீட்டுக்கு நான் போனனான். கடிதத்தின்ர திகதியைப் பாருங்கோ. செத்து எட்டு மாசத்துக்குப் பிறகு எழும்பி வந்து சம்மதம் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறார்."

"இப்பிடி வேற ஆரும்?"

"இன்னும் நாலு பேர். அஞ்சு பேரையும் சேமக்காலையில குழிக்குள்ள இறக்கினதை நான் கண்ணால கண்டனான். எங்கட கம்பனிக்கு மட்டும் அவை உயிரோட இருக்கினம்."

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் கதிரையின் நுனியில் இருந்தவர் கடைசிவரை பின்னால் சாயவில்லை. படங்களை என்னுடைய மடிக்கணினிக்கு மாற்றிய கையோடு தன் தொலைபேசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். பிறகு ஒரேயொரு நிபந்தனை சொன்னார்.

"நான்தான் எண்டு தெரியக்கூடாது. வேலை போனால் போகட்டும். என்ர மனிசன் வள்ளம் இழுத்து விடுற கரையில நிக்கிறது முழுக்க, கம்பனிக்குக் கையெழுத்து வாங்கிக் குடுக்கிற காணித் தரகரின்ர ஆக்கள். நாலு மணிக்கு இருட்டோட தொழிலுக்குப் போற மனிசன் அண்ணை."

காணிக்காரர்களுக்காக நீதிமன்றம் போக இருந்த சட்டத்தரணி கொழும்பில் இருந்தார். முப்பது வயதைத் தாண்டிய பெண். பிறந்து வளர்ந்ததெல்லாம் கொழும்பு. விரல் தெரியாதபடி படங்களை வெட்டி அனுப்பவா என்று கேட்டேன். கூடாது என்றார். எடுத்தபடியே, எடுத்த நேரத்தையும் இடத்தையும் தொலைபேசி பதிந்துவைத்தபடியே வேண்டும். ஓரத்தை வெட்டினால் எதிர்த்தரப்பு முழுவதையுமே பொய் என்று சொல்லிவிடும். தன்னுடைய மூத்த சட்டத்தரணியும் நீதிபதியும் தவிர வேறு எவரும் பார்க்காதபடி தான் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஆகவே விரலோடு அனுப்பவேண்டும். பூட்டி அனுப்பவேண்டும்.

பிராந்தியச் செய்தியாளர்களுக்கு எப்போதோ நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் இதைக் கற்றிருந்தேன். கோப்புகளை ஒரு மறைகுறியிட்ட பெட்டிக்குள் போடும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மாக் மூன்றிலும் ஓடும். சரியான கடவுச்சொல் இல்லாமல் எவராலும் திறக்க முடியாது. வகுப்பெடுத்தவர் சொன்னதில் ஒன்று ஞாபகத்தில் நின்றது. பெட்டியையும் திறப்பையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள்.

அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். மடு மாதா கோயில் பெருநாளுக்குச் சட்டத்தரணி குடும்பத்தோடு வந்திருந்தார். கோயில் வளவில் மரத்தடிக் கூடாரங்களுக்கு நடுவே அவரைச் சந்தித்து, ஒரு மாதா படத்தின் பின்பக்கத்தில் கடவுச்சொல்லான ஐந்து தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுத்தேன். சொற்களுக்கிடையில் இடைவெளி இல்லை என்றேன். மூன்று தரம் வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் சொல்லிப் பார்த்தார். படத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "மாதா படத்தைக் கிழிக்க எனக்கு ஏலாது அங்கிள், நீங்களே செய்யுங்க" என்றார். எனக்கும் ஏலவில்லை. எழுத்தின்மேல் பேனையால் கறுப்பாக அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த புதன்கிழமை பெட்டி புறப்பட்டது. என்னுடைய மடிக்கணினி பழையது. விண்டோஸ் அதில் இழுபட்டு இழுபட்டு ஓடியதால் பசாரில் திருத்துகிற ஒருவர் லினக்ஸைப் போட்டுத் தந்திருந்தார். அதில் படங்களைப் பூட்டி, புதுப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, கட்டாக் கருவாட்டுப் பார்சலுக்குள் வைத்துத் தைத்து, கொழும்பு பஸ் சாரதியிடம் கொடுத்தேன். மன்னாரிலிருந்து கொழும்புக்குச் சாமான் அப்படித்தான் போகும். மருந்து, பாஸ்போட், கல்யாணச் சேலை எல்லாம் சாரதியின் கதிரைக்குப் பின்னால் இருந்துதான் போகின்றன. எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கருவாட்டை இன்னும் குறைவாகப் பார்ப்பார்கள்.

வியாழன் காலை தொலைபேசி வந்தது.

"அங்கிள், என்ட சேம்பர் முழுக்கக் கருவாடு மணக்குது. சீனியர் வந்து ஜன்னலத் திறக்கச் சொல்லிட்டுப் போறார்."

"பென் கிடைச்சதா பிள்ளை?"

"கிடைச்சது. மாக்ல போட்டன். இந்த டிஸ்க்க வாசிக்க ஏலாதாம். மூணு பட்டன் காட்டுது. முதலாவது இனிஷலைஸ். அமத்தவா?"

"வேண்டாம்! கையை எடுங்கோ! ஒண்டையும் தொடாதேங்கோ!"

பக்கத்து வளவில் உடுப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்தி, அந்தப் பட்டன் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதுத் தட்டாக்கிவிடும் என்று விளக்கினேன். என்னிடம் பிரதி இருந்தது.

பிழை என்னுடையதுதான். பூட்டிய பெட்டி மூன்று இயங்குதளத்திலும் திறக்கும். அதை ஏற்றிய பென் டிரைவை நான் லினக்ஸுக்கு மட்டும் விளங்கும் முறையில் ஒழுங்கு செய்திருந்தேன். மாக்குக்கு அதற்குள் ஒரு பெட்டி இருப்பதே தெரியவில்லை. இரண்டாவது பென் டிரைவை மூன்றும் வாசிக்கக்கூடிய முறையில் ஒழுங்கு செய்து, வியாழன் பஸ்ஸில் அனுப்பினேன். இந்தத் தடவை கருவாடு இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு மூத்த சட்டத்தரணி படங்களைப் பார்க்கவேண்டும். திங்கட்கிழமை மனு போகிறது. படங்கள் இல்லாவிட்டால் காணிக்காரரின் வெறும் வாய்ச்சொல்லோடு போகும்.

வெள்ளி ஒன்பதரைக்கு மாக் பென் டிரைவை வாசித்தது. பெட்டி தெரிந்தது. கடவுச்சொல் கேட்டது. அவர் அடித்தார். திறக்கவில்லை. திரும்ப அடித்தார். கடவுச்சொல் பிழை அல்லது கோப்பு பழுது என்று ஒரே வரியில் இரண்டையும் சொன்னதாம் அது. எது என்று சொல்லவில்லை.

என்னுடைய கணினியில் அதே பெட்டியை நான் திறந்தேன். திறந்தது. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். அப்போதும் திறந்தது. கோப்பு வழியில் பழுதானதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு பக்கத்திலும் அதற்கு ஒரு நீண்ட அடையாள எண்ணைக் கணித்து ஒப்பிடலாம். அவர் தன்னுடைய எண்ணின் முதல் பத்து எழுத்தை வாசித்தார். என்னுடையதும் அதேதான். கடைசிப் பத்தும் அதே. கோப்பில் பழுதில்லை.

"அப்ப நீங்கள் சொல்லை மறந்திட்டீங்கள் பிள்ளை."

"அங்கிள், நான் மறக்கல்ல. தமிழ் கீபோட்ல வேற இடத்தில அடிச்சு, எழுத்து எழுத்தாப் பார்த்து, கொப்பி பண்ணிப் போடுறன். பதினொரு தரம் போட்டுட்டன்."

பன்னிரண்டு மணிக்குத் திரும்பத் தொலைபேசி எடுத்தார். குரலில் பகிடி இல்லை.

"வாட்ஸப்ல போடுங்க அங்கிள். பார்த்திட்டு உடனே டிலீட் பண்றன். அதுவும் பூட்டித்தான் போகுதாம்."

"போற வழியில பூட்டுத்தான். போய் இறங்கினாப் பிறகு? உங்கட போன், உங்கட போனின்ர பிரதி போற இடம், என்ர போன். எத்தினை இடத்தில கிடக்கும்?"

"நாலு மணிக்கு நான் சீனியருக்கு என்ன காட்டுறது? எங்கட அங்கிள் நல்லாப் பூட்டுவார் எண்டா?"

தொலைபேசியை வைத்துவிட்டு, விரல் தெரியாத நாற்பத்தைந்து படங்களைத் தனியாகப் பிரித்தேன். அவற்றை மட்டும் அனுப்பினால் என்ன என்று யோசித்தேன். அரை மணித்தியாலம் அந்த நாற்பத்தைந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விரல் இல்லை. ஆனால் அலுமாரிக்குள் இருந்த தாள்கள் அவை. திறப்பு ஒருவரிடம்தான் இருந்தது. விரல் தேவையே இல்லை. நாற்பத்தைந்தையும் பழைய இடத்திலேயே விட்டேன். மத்தியானம் சாப்பிடவில்லை.

இரண்டு மணிபோல் பத்திரிகையிலிருந்து அழைத்தார்கள். கடல் கொந்தளிப்பு, படகுகள் போகவேண்டாம் என்ற அறிவித்தல், எட்டு வரி போதும். செய்தி அடிப்பதற்கு எனக்கு யோசனை தேவையில்லை. உட்கார்ந்து மளமளவென்று இரண்டு வரி அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. எழுத்துருவைத் தெரிவு செய்ய மறந்திருந்தேன்.

எங்கள் பத்திரிகைக் கந்தோர்களில் வேலை பழகியவர்களுக்கு இது புதிதல்ல. நாங்கள் தமிழ் அடிக்கப் பழகியது பாமினியில். பாமினி ஒரு எழுத்துரு மாத்திரம். விசைப்பலகையில் நாம் அழுத்துவது ஆங்கில எழுத்து. கணினி வைத்திருப்பதும் ஆங்கில எழுத்து. அதற்குமேல் அந்த எழுத்துரு தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் உள்ளே இருந்தது வெளியே தெரியும். மற்றவர்களெல்லாம் யுனிகோடுக்குப் போய்விட்டார்கள். அதில் கணினி தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும். நான் போகவில்லை. என்னுடைய பத்திரிகை இன்னும் பாமினியில் வாங்கிக்கொள்கிறது, என் விரல்களும் அப்படியே இருக்கின்றன.

குப்பையைப் பார்த்தபடி இருந்தேன். கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் எழுத்துரு தெரிவு செய்ய இடமில்லை. அங்கே எதை அடித்தாலும் கறுப்புப் புள்ளிதான் விழும். அன்று பெட்டியைப் பூட்டியபோது ஐந்து தமிழ்ச் சொற்களை என் மனம் சொன்னது. விரல்கள் பாமினியில் அடித்தன. பெட்டிக்குப் போனது ஆங்கில எழுத்துக் குப்பை. என்னுடைய விரல்கள் ஒவ்வொரு தடவையும் அதே குப்பையை அடித்ததால் எனக்கு மட்டும் திறந்தது. கொழும்பில் ஒருத்தி சுத்தமான தமிழில், ஒரு பிழையும் விடாமல், பதினொரு தரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவரை அழைத்தேன். சேம்பரை விட்டு வெளியே வரச் சொன்னேன். நானும் கிணற்றடிக்குப் போனேன். பாமினி பற்றிச் சொன்னேன்.

"அப்ப நான் மடுவில மனப்பாடம் பண்ணினது?"

"சொல் அதேதான். என்ர விரல் அடிச்சது வேற."

"கடவுளே. சொல்லுங்க."

"மீன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, உதாரணத்துக்கு. சின்ன கே, பெரிய பீ, சின்ன டீ, செமிகோலன். அப்பிடித்தான் எல்லாம்."

"மீனுக்குள்ள செமிகோலனா? அங்கிள், நீங்க இருபது வருசமா இதையா பேப்பருக்கு அனுப்பினீங்க?"

"இருபத்திரண்டு."

உண்மையான சொற்களை எழுத்தெழுத்தாக வாசித்தேன். பெரியது, சின்னது, செமிகோலன். ஒரு இடத்தில் எனக்கே தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. கிணற்றுக்கட்டில் கையை வைத்து அடித்துப் பார்த்துத்தான் எந்த விசை என்று சொன்னேன். மூன்று மணி பத்துக்குப் பெட்டி திறந்தது.

அன்று அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

ஐந்தரைக்குச் சட்டத்தரணி சந்தோசமாகத் தொலைபேசி எடுத்தார். மூத்தவர் எல்லாவற்றையும் பார்த்தாராம். இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்தாராம். "பெட்டிக்குள்ள வச்சுப் பார்க்கக் கரைச்சலா இருந்திச்சு. ஃபோல்டர டெஸ்க்டொப்ல இழுத்துப் போட்டுட்டுத்தான் காட்டினன்."

"அது உங்கட கணினியில மட்டும்தானே இருக்கு?"

விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது.

"அங்கிள், எங்கட சேம்பர்ல டெஸ்க்டொப் எல்லாருக்கும் ஒண்டாத்தான் ஏறும். ஃபைல் பகிர வசதி எண்டு போட்டது." பிறகு, "எடுத்திட்டன். இப்ப எடுத்திட்டன். எல்லா இடத்திலயும் போயிட்டுது."

"எவ்வளவு நேரம் கிடந்தது?"

"ரெண்டு மணித்தியாலம் வராது."

"எத்தினை பேருக்கு?"

"என்னோட நாலு. ஒருத்தர் மட்டும் கேட்டார், இது மன்னார் விசயமா எண்டு. நல்ல ஆள் அங்கிள். நான் அவருக்காகச் சத்தியம் பண்ணுவன்."

செய்தித் தொழிலில் எனக்குக் கசிந்த விசயங்களில் பெரும்பாலானவை நல்ல ஆட்களிடமிருந்து வந்தவை. அதை அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை வங்காலைக்குப் போனேன். தொலைபேசியில் பேசுவதில்லை என்று முன்பே பேசிவைத்திருந்தோம். அவர் ஞாயிறு பூசைக்கு இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு சேட்டின் கொலரை மூன்று தரம் மினுக்கினார்.

"அந்த நாலு பேரில மன்னார் ஆக்கள் இருக்கினமா?"

"இல்லையாம்."

"மன்னாரில சொந்தம்?"

"கேக்கேல்லை, தங்கச்சி."

"கேளாதேங்கோ. கேட்டால் ஏன் கேக்கிறார் எண்டு யோசிப்பினம்." இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான் திங்கள் வேலைக்குப் போறன். போகாமல் விட்டால்தான் பிழை. உங்கட கணினியில இருக்கிறதையும் அழியுங்கோ. இப்ப, எனக்கு முன்னால."

மடிக்கணினி என்னோடு இருந்தது. நீதிமன்றத்துக்கு வேண்டியது கொழும்புப் பென் டிரைவில் பூட்டியபடி இருந்தது. அழித்தேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"குப்பைக்கூடையில கிடக்கும் அண்ணை. நானும் கிளாக்தான், என்னைப் பேய்க்காட்டாதேங்கோ."

குப்பைக்கூடையையும் காலியாக்கி, அந்த இடத்தின்மேல் வேறு எழுதி மூடும் கட்டளையையும் கொடுத்தேன். முடியும்வரை அவர் எழும்பவில்லை.

திங்கட்கிழமை மனு போனது. அன்று ஏழே காலுக்கு நான் மன்னார் பஸ் நிலையத்தில், எதிரே இருந்த பேப்பர் கடையில் நின்றேன். வங்காலைப் பக்கத்து பஸ் வந்தது. அவர் இறங்கினார், குடையை விரித்தார், கந்தோர் இருக்கும் தெருப் பக்கம் நடந்தார். செவ்வாயும் நின்றேன். இறங்கினார். புதனும். ஒவ்வொரு நாளும் பஸ்ஸின் கதவு திறக்கும்வரை பேப்பரைப் பிரிக்கமாட்டேன். அவருடைய குடையைக் கண்டதும் பிரிப்பேன். மறுநாள் காலைவரை அது போதும்.

"என்ன ஐயா, இப்ப ஒவ்வொரு நாளும் ஏழே காலுக்கே ஆஜர்?" என்றார் கடைக்காரர்.

"பிந்தினால் பேப்பர் முடிஞ்சிடும்."

"முடியிற அளவுக்கு ஆர் ஐயா இப்ப பேப்பர் வாங்கினம்? நீங்கள் எழுதினதையே நீங்கள்தான் வாங்கிறீங்கள்."

மூன்றாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை, பஸ்ஸால் இறங்கியவர் தெருப் பக்கம் போகாமல் நேரே கடைக்கு வந்தார். போனுக்கு நூறு ரூபா ரீலோட் கேட்டார். கடைக்காரர் இலக்கத்தை அடிக்க உள்ளே திரும்பியபோது, தொங்கிக்கொண்டிருந்த ஒரு சஞ்சிகையைப் பார்த்தபடி எனக்குச் சொன்னார்.

"அண்ணை, நீங்கள் ஒவ்வொரு நாளும் இதில நிண்டு என்னைப் பாக்கிறீங்கள். நேற்று எங்கட கம்பனி டிரைவர் கேட்டவன், அந்தப் பத்திரிகைக்காரனை உனக்குத் தெரியுமோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"தெரியாது எண்டன். இனி என்னைத் தெரியாதவர் மாதிரி இருங்கோ."

மிச்சக் காசை வாங்கிக்கொண்டு, குடையை விரித்து, போனார்.

அடுத்த நாள் ஏழே காலுக்கு நான் வீட்டில் இருந்தேன். அதற்கடுத்த நாளும்.